50 வயதானால் துப்பாக்கி பழம்பொருள் ஆகிவிடுமா?

ஜேம்ஸ் பாண்ட் என்றதும் கோட் சூட், கார், கூடவே ஒரு குட்டித் துப்பாக்கியும் ஞாபகத்துக்கு வரும். 1962-ல் வந்த 'டாக்டர் நோ' படத்தில் பாண்டின் பழைய பெரெட்டாவை வாங்கி வைத்துக்கொண்டு, வால்தர் பிபிகே-வைக் கையில் கொடுப்பார்கள். அப்போதே அந்த மாடலுக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. அது 1931-ல், இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே ஜெர்மனியில் அறிமுகமானது.

பிபிகே மட்டுமல்ல, அந்தக் காலத்து ஜெர்மன் பாக்கெட் பிஸ்டல்களைத் தேடித்தேடிச் சேர்ப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்கள் சேர்க்கலாமா கூடாதா என்பதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு துப்பாக்கி 'பழம்பொருள்' ஆகிவிட்டது என்பதை எதை வைத்து முடிவு செய்வது?

அப்படி என்ன இருக்கு இதில்?

முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியின் ராணுவத்தை வெர்சாய் ஒப்பந்தம் ஒரு லட்சம் பேருக்குள் அடக்கியது. ஆயுதத் தயாரிப்புக்கும் கடிவாளம் போட்டது. பெரிய ராணுவ ஆர்டர்கள் குறைய, சட்டைப் பையில் அடங்கும் சின்ன பிஸ்டல்கள் கம்பெனிகளுக்கு முக்கியமான வியாபாரமாயின. எர்ஃபுர்ட் நகரில் ஓர்ட்கீஸ், ஓபர்ன்டார்ஃபில் மவுசர், சூலில் சாவர், செல்லா-மேலிஸில் வால்தர் எனப் பெரிய போட்டியே நடந்தது.

போட்டியில் புதுப்புது யோசனைகள் பிறந்தன. லிக்னோசே 'ஐன்ஹேண்ட்' மாடலை ஒரே கையால் தயார் செய்யலாம். விசைக்கு முன்னால் இருக்கும் வளையத்தை விரலால் இழுத்தால் போதும். 1929-ல் வந்த வால்தர் பிபி-யில் சுத்தியலைத் தனியாக இழுத்து வைக்க வேண்டியதில்லை, விசையை அழுத்தினாலே அது பின்னால் போய்ச் சுடும். இன்றைய பல பிஸ்டல்களிலும் இந்த ஐடியாவின் தொடர்ச்சியைப் பார்க்கலாம்.

சேகரிப்பவர்களுக்கு இது ஒரு துப்பறியும் வேலையும்கூட. உதாரணமாக, கிரீடத்தின் கீழே 'என்' எழுத்து இருந்தால் அது பழைய சோதனை முத்திரை. கிரீடத்துக்குப் பதில் கழுகு இருந்தால் 1940 அல்லது அதற்குப் பிறகு. நாஜி முத்திரை இருந்தால் விலை எகிறும் என்பதால் போலி முத்திரைகளும் சந்தையில் சுற்றுகின்றன. அசல் எது, போலி எது என்று கண்டுபிடிக்க நிஜமாகவே படிக்கணும்.

ஆனா இவை பொம்மைகள் கிடையாது

1921-ல் ஜெர்மனியின் முன்னாள் நிதியமைச்சர் மத்தியாஸ் எர்ஸ்பெர்கர் நடைப்பயிற்சி போன இடத்தில் தீவிர தேசியவாதிகளால் பிஸ்டலால் சுட்டுக் கொல்லப்பட்டார். அரசியல் கொலைகளும் தெருச் சண்டைகளும் மலிந்த காலம் அது. துப்பாக்கி வாங்கவும் எடுத்துச் செல்லவும் அனுமதி கட்டாயம் என்ற சட்டம் 1928-ல் வந்தது. நாஜி ஆட்சி 1938 நவம்பரில் யூதர்கள் ஆயுதம் வைத்திருக்கவே தடை போட்டது. இந்தக் குட்டித் துப்பாக்கிகளின் கதையில் இதுவும் சேர்த்திதான்.

இன்னொரு விஷயம், பழைய ரேடியோவோ பழைய கேமராவோ காலம் போகப் போக வெறும் காட்சிப் பொருளாகிவிடலாம். துப்பாக்கி அப்படி ஆவதில்லை. இந்த பிஸ்டல்களில் பெரும்பாலானவை 6.35 அல்லது 7.65 மில்லிமீட்டர் பிரவுனிங் தோட்டாவில் இயங்குபவை. அந்தத் தோட்டாக்கள் இன்றும் புதிதாகத் தயாராகின்றன. நன்றாகப் பராமரித்த 1931 மாடல், இன்றைக்கும் 1931-ல் சுட்ட மாதிரியே சுடும்.

அமெரிக்கா: வயசு ஆனா போதும்

அமெரிக்க கூட்டாட்சி விதிப்படி, அசல் வடிவம் மாறாத ஒரு துப்பாக்கிக்கு 50 வயது நிறைந்தாலே அது 'அரும்பொருள்' வகையில் வந்துவிடும். இவற்றைச் சேர்ப்பவர்களுக்குத் தனி லைசென்ஸ் இருக்கிறது. கட்டணம் 3 ஆண்டுக்கு 30 டாலர். விண்ணப்பிக்கும்போது பின்னணியைச் சரிபார்ப்பார்கள். அதன்பின், வெளிமாநில டீலரிடம் வாங்கும் பழைய துப்பாக்கி நேராக வீட்டுக்கே வரும். ஒவ்வொரு முறையும் சோதனை கிடையாது. சில மாநிலங்களின் சட்டங்கள் மட்டும் இதைவிடக் கடுமையானவை.

இதில் சிக்கல் என்னவென்றால், அந்த 50 ஆண்டுக் கோடு நகர்ந்துகொண்டே இருக்கிறது. க்ளாக் 17 பிஸ்டலின் உற்பத்தி 1982-ல் தொடங்கியது. விதி மாறாவிட்டால் 2032-ல் முதல் க்ளாக்குகளும் இந்த வரிசையில் சேரும். இன்றைக்கும் பல நாட்டுப் போலீஸார் இடுப்பில் வைத்திருக்கும் துப்பாக்கி அது!

ஜெர்மனி: காரணம் சொல்லணும்

ஜெர்மனியில் கேள்வியே வேறு. சேகரிப்பாளருக்கான சிவப்பு உரிம அட்டை வேண்டுமென்றால், அந்தத் தொகுப்பு பண்பாட்டு வரலாற்று முக்கியத்துவம் உள்ளது என்று நிரூபிக்க வேண்டும். என்ன தலைப்பில் சேர்க்கப் போகிறோம் என்று வரையறுத்துச் சொல்ல வேண்டும், அதில் போதிய அறிவு இருப்பதையும் காட்ட வேண்டும். துப்பாக்கி சேர்க்கும் அனுமதி தானாகவே தோட்டா வாங்கும் அனுமதி ஆகாது. வீட்டில் சான்றளிக்கப்பட்ட பாதுகாப்புப் பெட்டகம் இருக்க வேண்டும்.

இந்தக் கறார்த்தனத்துக்குப் பின்னால் வலி இருக்கிறது. ஒருகாலத்தில் ஓர்ட்கீஸ் பிஸ்டல்கள் தயாரான அதே எர்ஃபுர்ட்டில், 2002-ல் ஒரு முன்னாள் மாணவர் பள்ளிக்குள் புகுந்து 16 பேரைச் சுட்டுக் கொன்றார். 2009-ல் வின்னென்டெனில் 17 வயதுப் பையனின் துப்பாக்கிச் சூட்டில் 15 பேர் பலியானார்கள். அப்பாவின் மற்ற துப்பாக்கிகள் பெட்டகத்தில் இருக்க, அந்த ஒன்று மட்டும் படுக்கையறையில் பூட்டாமல் கிடந்தது. அதன்பிறகு, உரிமம் பெற்றவர்கள் ஆயுதங்களை ஒழுங்காகப் பூட்டி வைத்திருக்கிறார்களா என்று சந்தேகம் ஏதும் இல்லாமலேயே அதிகாரிகள் சோதிக்கலாம் என்று சட்டம் மாறியது.

'சேகரிப்பவர்கள் என்ன குற்றவாளிகளா?'

நியாயமான கேள்வி. எர்ஃபுர்ட், வின்னென்டென் இரண்டிலும் பயன்பட்டவை நவீன பிஸ்டல்கள். உரிமமும் விளையாட்டுச் சுடுதலுக்காக வாங்கியது. நல்ல விலை கொடுத்து வாங்கிய பிபிகே-வை யாரும் வழிப்பறிக்கு எடுத்துப் போக மாட்டார்கள் என்று சேகரிப்பாளர்கள் சொல்வதிலும் அர்த்தம் இருக்கிறது.

ஆனால் வின்னென்டென் சொல்லும் பாடம் உரிமையாளரைப் பற்றியது மட்டுமல்ல. துப்பாக்கி வேறு யார் கைக்குப் போகும் என்பதுதான் கேள்வி. திருடனும் வீட்டிலிருக்கும் டீன் ஏஜ் பையனும் அது எந்த வருஷத்து மாடல் என்று பார்ப்பதில்லை.

சரி, வெல்டிங் வைத்து முடக்கிவிட்டால்? சேகரிப்பவர்கள் ரசிப்பதே உள்ளே இருக்கும் மெக்கானிசத்தைத்தான். அதை அழித்துவிட்டால் மிஞ்சுவது பேப்பர் வெயிட்.

கோட்டை எங்கே போடுவது?

1996-ல் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஆசிரியை ஒருவரும் கொல்லப்பட்ட பிறகு பிரிட்டன் கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தது. வரலாற்றுத் துப்பாக்கிகளை வீட்டில் வைத்திருக்கத் தந்த விலக்குக்கும் 1919-க்கு முந்தையவை என்று நகராத ஒரு கோட்டைப் போட்டது. எளிதில் தோட்டா கிடைக்கிறதா என்பதையும் கணக்கில் எடுத்தது. அதனால் இந்த ஜெர்மன் பிஸ்டல்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

அந்த அளவுக்குப் போகாமலும் பாதுகாக்கலாம். ஜெர்மனியைப் போல அறிவையும் நோக்கத்தையும் கேட்டு, தோட்டாவைத் தனியாகப் பிரித்து, பூட்டைச் சோதித்தால், பிபிகே-வும் ஓர்ட்கீஸும் முழுசாகப் பிழைக்கும். முத்திரையைப் பார்த்தே வருடம் சொல்லும் நிஜ சேகரிப்பாளருக்கு இந்தப் பரீட்சை ஒரு பொருட்டே இல்லை. அமெரிக்கா குறைந்தபட்சம் அந்த 50 ஆண்டுக் கோட்டை நகராமல் நிறுத்த வேண்டும். அதற்கு 2032 வரை காத்திருக்கத் தேவையில்லை.