பாலம் தாண்டினால் ஓட்டுச் செத்துவிடுமா?

தோட்டத் தோழர்களே! தாய்மாரே! கிராணிமாரே!

ஒரு கேள்வி கேட்கிறோம். நெஞ்சில் கைவைத்துப் பதில் சொல்லுங்கள்.

லண்டனில் வேலை பார்க்கும் மலேசியர் தபாலில் ஓட்டுப் போடலாம். ஆஸ்திரேலியாவில் இருப்பவரும் போடலாம். ஆனால் ஸ்கூடாயில் பிறந்து, சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் இரும்பு வெட்டும் நம் பிள்ளை மட்டும் போடக்கூடாது என்றார்கள்! 2013-ம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இப்படித்தான் நடந்தது. 2018-லும் இதே கதை. 2022-லும் இதே கதை. இது எந்த ஊர் நியாயம்?

நடந்ததைச் சொல்லுகிறோம். 2013-க்கு முன்னால் வெளிநாட்டிலிருந்து தபால் ஓட்டுப் போடும் உரிமை பட்டாளத்தார், அரசாங்க ஊழியர், முழுநேர மாணவர், அவர்களுடைய கணவன் மனைவி ஆகியோருக்கே இருந்தது. கூலிக்குப் போனவனுக்கு இல்லை. பலர் போராடிய பிறகு, 2013 ஜனவரியில் தேர்தல் கமிஷன் கதவைத் திறந்தது. ஐந்து ஆண்டுகளில் மொத்தம் முப்பது நாளாவது தாய்நாட்டில் இருந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சரி, ஏற்றுக்கொள்வோம். ஆனால் கூடவே ஒரு பூட்டையும் போட்டார்கள். சிங்கப்பூர், தென் தாய்லாந்து, புருணை, கலிமந்தான் ஆகிய இடங்களில் இருப்பவர்களுக்கு இந்த உரிமை இல்லை என்றார்கள்.

காரணம் என்ன? “பக்கத்தில்தானே இருக்கிறார்கள், வந்து போட்டுவிட்டுப் போகட்டும்” என்பதுதான்.

பக்கம்தான், மறுக்கவில்லை. ஸ்கூடாயிலிருந்து ஜோகூர் பாலம் ஏறக்குறைய பத்து மைல். பாலத்தின் நீளமோ ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஆனால் தொழிலாளியின் தூரத்தை மைல் கல்லால் அளக்க முடியாது. முதலாளி கொடுக்கும் லீவால்தான் அளக்க வேண்டும்!

நம் நாட்டில் 1954-ம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டம் இருக்கிறது. ஓட்டு நாளில் தொழிலாளி ஓட்டுப் போட்டு வர நியாயமான நேரம் கொடுக்க வேண்டும், அதற்காகச் சம்பளத்தில் காசு பிடிக்கக்கூடாது என்று அதன் 25-வது பிரிவு முதலாளிக்குக் கட்டளையிடுகிறது. அந்தக் கட்டளை பாலத்தோடு நின்றுவிடுகிறது. அக்கரை முதலாளியை அது கட்டுப்படுத்தாது. 9-5-2018 புதன்கிழமை இங்கே பொது விடுமுறை. அங்கே வேலை நாள். அன்று சம்பளத்தை இழந்து, பஸ்ஸுக்கு வரிசை நின்று, ஓடி வந்து ஓட்டுப் போட்டுவிட்டு இரவோடு இரவாகத் திரும்பியவர்கள் எத்தனையோ பேர். வர முடியாமல் போனவர்களும் எத்தனையோ பேர்!

நாம் செக்ரோல் எழுதும் மேசைக்கு முன்னால் வளர்ந்த பையன் ஒருவன். தாய் பால் வெட்டிப் படிக்க வைத்தாள். இப்போது அக்கரையில் வாடகை அறையில் நாலு பேரோடு தங்கி வேலை செய்கிறான். 19-11-2022 சனிக்கிழமைத் தேர்தலுக்கு லீவு கேட்டான். “கப்பல் புறப்பட வேண்டும், லீவு கிடையாது” என்றார் போர்மன். அன்று அவன் பெயர் ஓட்டர் லிஸ்டில் இருந்தது. அவனோ கப்பலின் அடித்தட்டில் இருந்தான். வயதான தாய் தனியே போய் ஓட்டுப் போட்டு வந்தாள்.

இந்த உரிமையை நாம் பிச்சையாகவா கேட்கிறோம்? இல்லை! அரசியல் சட்டத்தின் 119-வது விதி, தொகுதியில் குடியிருப்பவரோடு ஊரில் இல்லாத ஓட்டரையும் ஏற்றுக்கொள்கிறது. யார் அந்த ஓட்டர் என்பதைத் தீர்மானிக்கும் இடத்தில்தான் நம் பிள்ளை தள்ளப்பட்டான்.

பட்டாளத்தாருக்கும் போலீசாருக்கும் முன்கூட்டியே ஓட்டுப் போட வசதி உண்டு. 2022-ல் நவம்பர் 15-லேயே அவர்கள் போட்டு முடித்தார்கள். அதில் நமக்குப் பொறாமை இல்லை. லயத்துப் பிள்ளைகளும் அந்த உடுப்பைப் போட்டிருக்கிறார்கள். கடமையால் ஊரில் இருக்க முடியாதவனைத் தேடிப் பெட்டி போகிறது. வயிற்றுப்பாட்டால் ஊரில் இருக்க முடியாதவனைத் தேடி ஏன் போகக்கூடாது?

மற்றவர்களைப் பாருங்கள். 2019-லும் 2024-லும் இந்தோனேசியா, மலேசியாவில் பாடுபடும் தன் மக்களைத் தேடி நடமாடும் ஓட்டுப்பெட்டி அனுப்பியது. சிங்கப்பூரும் 3-5-2025 தேர்தலில் வெளிநாட்டிலுள்ள தன் குடிமக்களுக்குத் தபால் ஓட்டுக் கொடுத்தது. அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

பழைய கதையையும் மறக்க வேண்டாம். 27-7-1955-ல் மலாயாவின் முதல் பொதுத் தேர்தல் நடந்தபோது, நம் பாட்டன் பாட்டிகளில் பெரும்பாலோர் குடியுரிமை இல்லாமல் ஓட்டுச் சாவடிக்கு வெளியே நின்றார்கள். பிறகு குடியுரிமை வந்தது, ஓட்டும் வந்தது. ஆனால் தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் தாமான்களாயின. வேலை போன பிள்ளைகள் பிழைப்புத் தேடிப் பாலம் ஏறினார்கள். பாட்டன் காகிதம் இல்லாமல் ஓட்டிழந்தான். பேரன் எல்லாக் காகிதமும் வைத்துக்கொண்டு ஓட்டிழக்க வேண்டுமா?

ஆகவே நாம் கேட்பது மூன்று.

ஒன்று: அக்கரையில் வேலை செய்வோரின் தபால் ஓட்டு சட்டத்தில் நிலையாக எழுதப்பட வேண்டும். தேர்தலுக்குத் தேர்தல் அறிக்கை விட்டுக் கொடுக்கவும் பறிக்கவும் கூடாது.

இரண்டு: சிங்கப்பூரிலேயே நேரில் ஓட்டுப் போடச் சாவடி வைக்க வேண்டும்.

மூன்று: தபால் போய்த் திரும்பப் போதிய நாள் வேண்டும். 2018-ல் பதினோரு நாள் பிரசாரம், 2022-ல் பதினான்கு நாள். ஓட்டு நாள் மாலை 5 மணிக்குள் சீட்டு வந்து சேராவிட்டால் அது செல்லாது. காலம் கடந்து கையில் கிடைக்கும் சீட்டு வெறும் காகிதம்தான்!

நம் பங்கும் ஒன்று உண்டு. 15-12-2021 முதல் பதினெட்டு வயதானவர் பெயர் தானாகவே லிஸ்டில் ஏறுகிறது. அடையாளக் கார்டில் உள்ள விலாசம்தான் தொகுதியை முடிவு செய்யும். இடிந்துபோன லயத்தின் விலாசம் இன்னும் கார்டில் இருந்தால், இன்றே பதிவு இலாகாவுக்குப் போய் மாற்றுங்கள். அக்கரையில் இருக்கும் பிள்ளைக்கும் எழுதுங்கள். கிராணிமாரே, பாரம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு நிரப்பிக் கொடுங்கள். சங்கக் கிளைக் கூட்டத்தில் இந்த மூன்று கோரிக்கைகளையும் தீர்மானமாக்கி அனுப்புங்கள்.

உழைக்கப் பாலம் தாண்டலாம்; ஓட்டு மட்டும் தாண்டக்கூடாது என்றால் ஒப்பமாட்டோம்!