பாசியை விலைக்கு வாங்க வேண்டாம்

புதுமனை புகுவிழாவுக்கும் பணி ஓய்வு விழாவுக்கும் போன்சாய் மரத்தைப் பரிசளிக்கும் வழக்கம் நம் நகரங்களில் நன்றாகவே நிலைபெற்றுவிட்டது. கண்ணாடித் தாள் சுற்றிய ஒரு சிறு தொட்டி. வேர்கள் கிழங்கு போலப் புடைத்து மண்ணுக்கு மேலே தெரியும் ஒரு குட்டி மரம். அதன் அடியில் பச்சைக் கம்பளம் விரித்தாற்போலப் பாசி. பார்த்த மாத்திரத்தில் மனம் குளிர்கிறது. சில மாதங்கள் கழித்து அதே வீட்டுக்குச் சென்றால் பெரும்பாலும் தொட்டி மட்டுமே இருக்கும். அதில் மணிபிளான்ட் கொடி ஒன்று குடியேறியிருக்கும்.

இதை வாங்கியவரின் கைராசி என்று சொல்லிவிடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தக் கம்பளம் பல வேளைகளில் உயிருள்ள பாசியே அன்று. உலர்த்திச் சாயமேற்றி மண்ணின் மேல் ஒட்டவைத்தது. சில தொட்டிகளில் அலங்காரக் கற்களையே பசை போட்டு இறுக்கிவிடுகிறார்கள். ஊற்றும் நீர் மண்ணுக்குள் இறங்காமல் ஓரமாக வழிந்து போகிறது. கீழே வேர் காய்கிறது, மேலே பச்சை அப்படியே இருக்கிறது. வங்கியில் பணிபுரிபவர்களுக்கு இது புதிய காட்சியன்று. மார்ச் 31 அன்று மட்டும் பொலிவாகத் தெரியும் இருப்புநிலைக் குறிப்புகளை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

போன்சாய் வளர்க்க விரும்பும் வாடிக்கையாளர்களுக்கு நான் சொல்ல விழைவது ஒன்றே. பாசியை அலங்காரப் பொருளாக விலைக்கு வாங்காதீர்கள். அதை உங்கள் வளாகத்திலிருந்தே வரவழையுங்கள். வராத பருவத்தில் அது இல்லாமலேயே மரத்தைக் கண்டு மகிழுங்கள்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். குளத்துப் படிக்கட்டில் காலை வழுக்கிவிடும் பச்சை வழவழப்பையும், மழைக்காலச் சுவரில் வெல்வெட் போல மெத்தென்று முளைப்பதையும் நாம் ‘பாசி’ என்ற ஒரே சொல்லால் அழைக்கிறோம். முன்னது நீர்ப்பாசி. போன்சாய்க்கு உரியது பின்னது. அதற்குத் தண்டும் இலையும் போன்ற நுண்ணிய உறுப்புகள் உண்டு; உண்மையான வேர் கிடையாது. பற்றிக்கொள்ள மெல்லிய இழைகள் மட்டுமே உண்டு. நீரைப் பெரும்பாலும் இலைப்பரப்பின் வழியாகவே உறிஞ்சுகிறது. எனவே காற்றில் ஈரம் குறைந்தால் சுருண்டு, பழுப்பேறி, உறங்கிவிடும். ஈரம் வந்தால் விழித்துக்கொள்ளும். நம் நகர நடைபாதைகளின் இடுக்குகளில் வெள்ளி நிறச் சாயலுடன் தென்படும் ‘பிரையம் அர்ஜென்டியம்’ என்னும் வகை உலகின் பல நாட்டு நகரங்களிலும் வாழ்கிறது. அதைவிட எளிய வாழ்க்கை நடத்தும் செடியைக் காண்பது அரிது.

ஜப்பானியப் படங்களைப் பார்த்து, ஆண்டு முழுவதும் பாசி படர்ந்த தொட்டியே உயர்ந்தது என்று நம்மவர்கள் எண்ணுகிறார்கள். டோக்கியோவின் உவேனோ பகுதியில் 1934-இல் தொடங்கி இன்றும் பிப்ரவரி மாதங்களில் நடந்துவரும் கொக்குஃபு கண்காட்சியின் மரங்கள் அப்படித்தான் காட்சி தருகின்றன. ஆனால் அந்தப் பாசியின் பெரும்பகுதி கண்காட்சிக்கென்று சில நாட்களுக்கு முன் பதிக்கப்படுவது. விழா முடிந்ததும் வளர்ப்பவர்கள் பலர் அதை எடுத்துவிடுகிறார்கள். திருமணத்துக்கு உடுத்தும் பட்டை அன்றாடம் யாரும் உடுத்துவதில்லை அல்லவா? இன்னொரு பக்கம், பாசிக்குப் பேர்போன கியோட்டோவின் சைஹோஜி கோயில் தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முசோ சொசெகி என்ற துறவி 1339-இல் திருத்தியமைத்த தோட்டம் அது. இன்று அங்கே சுமார் 120 வகைப் பாசிகள் இருப்பதாகக் கூறுகிறார்கள். அவை அவர் நட்டவை அல்ல. பிற்காலத்தில் ஈரமும் நிழலும் பொருந்தி வந்ததால் தாமாகப் படர்ந்தவை.

புனேயில் பணியாற்றும் எனக்கு ஜூலை மாதத்துச் சுற்றுச்சுவர்கள் நன்கு பழக்கமானவை. தக்காணத்தின் கருங்கல் சுவர்கள், சிமெண்டு பூசிய மதில்கள், மாடிப்படியின் வடக்கு ஓரம் என்று எங்கும் பாசி. குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் உடனே பிளீச்சிங் பவுடரும் கம்பி பிரஷும் கொடுத்து ஆளை அனுப்பிவிடுகிறார். வழுக்கி விழுந்தால் பொறுப்பு அவர் தலையில் என்பதால் அவரைக் குறை கூறவும் முடியாது. ஆனால் அதே வாரத்தில் அதே குடியிருப்பைச் சேர்ந்த ஒருவர் இணையக் கடையில் பாசிப் பொட்டலம் வாங்குவதுதான் எனக்கு விளங்கவில்லை.

அந்தப் பொட்டலம் எங்கிருந்து வருகிறது என்றும் கேட்க வேண்டும். இமயமலைச் சரிவுகளில் மரங்களிலிருந்தும் பாறைகளிலிருந்தும் சுரண்டி மூட்டை மூட்டையாக இறக்கப்படும் பாசி நெடுங்காலமாகவே ஒரு வணிகப் பொருள். மலைச்சரிவில் பாசி என்பது அழகு மட்டுமன்று. மழையைத் தாங்கிப் பிடித்து மெல்லக் கசியவிடும் பஞ்சு அது. பாறை மண்ணாகும் முதற்கட்டத்தில் பங்கெடுப்பது. மர விதைகளுக்கு முதல் மெத்தை. ஒருமுறை சுரண்டிய இடத்தில் அதே கனத்துக்கு மீண்டும் வளர ஆண்டுகள் பல ஆகும். உத்தராகண்ட் வனத்துறையின் ஆராய்ச்சிப் பிரிவு 2020-இல் நைனிதால் அருகே குர்பாதாலில் பாசிக்கென்றே ஒரு தோட்டம் அமைத்தது. அரசுத் துறை ஒன்று தோட்டம் அமைத்துக் காக்க வேண்டிய பொருளை, வரவேற்பறை மேசைக்காக நாம் காசு கொடுத்துச் சுரண்டச் செய்வது சரியாகத் தோன்றவில்லை. மலைவாசத் தலங்களுக்குச் சுற்றுலா செல்வோர் சோலைக்காட்டு ஓரத்தில் ஒரு பிடி பெயர்த்துப் பையில் போட்டுக்கொள்வதையும் இதிலேயே சேர்க்கிறேன். மேலும், குளிர்மலைப் பாசி சமவெளி வெயிலில் ஒரு கோடையைத் தாண்டுவதும் அரிது.

சுவர்ப்பாசியோ நம் ஊர் வெயிலுக்குப் பழகியது. செய்முறை எளிது. செயலாளரின் ஆள் வருவதற்கு முன் பழைய கரண்டியால் ஒரு கைப்பிடி பாசியைப் பெயர்த்து எடுங்கள். நிழலில் நன்றாகக் காயவிட்டு, விரல்களால் கசக்கி, சலித்த நுண்மண்ணுடன் கலந்து, தொட்டியின் மேல்மண்ணில் மெல்லத் தூவி உள்ளங்கையால் அழுத்திவிடுங்கள். பூவாளியால் ஊற்றாமல், தெளிப்பானால் காலையும் மாலையும் நீர் தெளித்தால் போதும். மழைக்காலத் தொடக்கத்தில் இதைச் செய்தால் சில வாரங்களில் பச்சைப் புள்ளிகள் தெரியும். மோரில் கரைத்துப் பூசினால் விரைந்து வளரும் என்ற யோசனை பரவலாக உலவுகிறது. என் அனுபவத்தில் மோரில் வளர்வது பூஞ்சணமும் எறும்புமே.

பாசி வர மறுத்தால் தண்ணீரைச் சந்தேகியுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரும் லாரி நீரும் உப்பு மிகுந்தவை. தொட்டி விளிம்பில் வெண்மையாகப் படிவது அதுவே. ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் நீரைச் செடிகளுக்குப் பயன்படுத்துவது சிக்கனம் என்று பலர் கருதுகிறார்கள். அதில் உப்பு இன்னும் செறிவாக இருப்பதால் போன்சாய்த் தட்டுக்கு அது ஆகாது. பிடித்துவைத்த மழைநீரும், ஏ.சி. குழாயிலிருந்து சொட்டும் நீரும் மென்மையானவை. இரசாயன உரம் மிகுந்தாலும் பாசி முதலில் கருகும். தொட்டி மண்ணின் நிலையை மரத்தின் இலைகள் தெரிவிப்பதற்கு வெகுநாள் முன்பே பாசி தெரிவித்துவிடுகிறது. விலைக்கு வாங்கி ஒட்டிய கம்பளம் எந்த அறிக்கையும் தராது.

வந்த பாசியையும் கட்டுக்குள் வைக்க வேண்டும். மேல்மண்ணை நீர் அரித்துச் செல்லாமல் காப்பதும், ஈரம் சட்டென்று ஆவியாகாமல் தடுப்பதும் அதன் நன்மைகள். அளவு மீறினால் அடியில் மண் காய்ந்திருக்கிறதா, ஊறிக்கிடக்கிறதா என்று தெரியாமல் போகும். அடிமரத்தின் மேல் ஏறினால் பட்டை எப்போதும் நனைந்து அழுகத் தொடங்கும். பழைய பல்துலக்கியால் தேய்த்து அதைக் கீழே இறக்கிவிடலாம். மண்ணில் பாதி திறந்தே இருக்கட்டும். ஏப்ரல், மே மாதங்களில் பாசி பழுப்பாகிவிட்டால் பிடுங்கி எறிய வேண்டியதில்லை. முதல் மழை பெய்த சில மணி நேரத்தில் அது பசுமை கொள்வதைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். எந்தத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கும் குறைந்ததன்று. தட்டின் அடியில் கூழாங்கற்களும் நீரும் வைக்கச் சொல்லும் நூல்களைக் குளிர்நாட்டு நூல்களாகக் கருதி விட்டுவிடுங்கள். நம் ஊரில் தேங்கிய நீர் டெங்குக் கொசுவுக்கே பயன்படும். மாநகராட்சி நோட்டீசும் வந்து சேரலாம்.

மரத்துக்கும் சுவரே போதும் என்று சொன்னால் சிலர் வியக்கக்கூடும். பறவைகள் எச்சமிட்ட விதையிலிருந்து கட்டட விரிசல்களிலும் கழிவுநீர்க் குழாய் ஓரங்களிலும் ஆல், அரசு, இச்சி முளைத்து நிற்பதைக் காணாத நகரம் இந்தியாவில் இல்லை. விட்டுவைத்தால் சுவரைப் பிளக்கும். எனவே எப்படியும் அகற்றப்பட வேண்டியவை. மழையில் சுவர் நெகிழ்ந்திருக்கும்போது வேர் அறுபடாமல் மெல்லப் பெயர்த்தால் செலவில்லாத போன்சாய்க் கன்று கிடைத்துவிடும். மராத்தியர் நாந்த்ருக் என்றழைக்கும் கல் இச்சிக்கு இலை சிறிது, வெட்டைத் தாங்கும், விழுதும் இறக்கும். அரசின் இலை பெரிதாகவே நிற்பதால் தொடக்கக்காரர்களுக்கு உகந்ததன்று. விதையிட்டு வளர்க்க விரும்புவோருக்குப் புளி மிகச் சிறந்தது. மாலையில் அதன் சிற்றிலைகள் கூம்புவதைத் தட்டில் காணும் மகிழ்ச்சி தனி.

கன்றை உடனே ஆழமற்ற தட்டில் நடுவதைத் தவிர்க்க வேண்டும். தட்டில் அடிமரம் பருக்காது. இரண்டு மூன்று ஆண்டுகள் சாதாரணத் தொட்டியில் தடிக்கவிட்டு, பிறகே வேரைக் கத்தரித்துத் தட்டுக்கு மாற்றலாம். செங்கல் சல்லி, பருமணல், மக்கிய இலையுரம் கலந்த மண் நம் தட்பவெப்பத்துக்குப் போதும். ஜப்பானிலிருந்து வரும் அகடாமா மண்ணை விலை கொடுத்து வாங்கத் தேவையில்லை. தக்காணத்தின் கரிசல் மண்ணை மட்டும் அப்படியே பயன்படுத்தாதீர்கள்; மழையில் உப்பிக் கோடையில் வெடிக்கும். கிளையை வளைக்கச் சுற்றும் அலுமினியக் கம்பியைச் சில மாதங்களுக்குள் கழற்றிவிட வேண்டும். இல்லையேல் பட்டையில் தழும்பு பதிந்துவிடும்.

காட்சிக்கு வைப்பதிலும் ஒரு தவறான எண்ணம் உண்டு. போன்சாய் அறைக்குள் வாழும் பொருள் என்று கடைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அது மரம், வெயிலும் காற்றும் அதற்கு வேண்டும். பால்கனியிலோ மொட்டைமாடியிலோ, காலை வெயில் படும் இடத்தில், உட்கார்ந்து பார்ப்பவரின் கண்மட்டத்தில் ஒரு பலகை. பின்னால் வெறும் சுவர். தரையில் வைத்துக் குனிந்து பார்த்தால் செடியாகத் தெரியும். கண்மட்டத்தில் வைத்தால் மரமாகத் தெரியும். விருந்தினர் வரும் நாளில் உள்ளே கொண்டுவந்து இரண்டு நாள் வைத்துக்கொள்ளலாம். பத்துத் தொட்டிகளை வரிசையாக அடுக்குவதைவிட ஒன்றை மட்டும் தனியே வைப்பதே எனக்குப் பிடித்தது. பெரிய தொகுப்பைக் காண விரும்புவோருக்கு மைசூரில் அவதூத தத்த பீடத்தின் போன்சாய்த் தோட்டம் இருக்கிறது.

மரத்தைக் குறுக்குவது கொடுமை என்று சொல்வோரும், வீட்டில் குட்டை மரம் இருந்தால் வளர்ச்சி தடைப்படும் என்று வாஸ்து பார்ப்போரும் இருக்கிறார்கள். மல்லிகையையும் கொய்யாவையும் ஆண்டுதோறும் கவாத்து செய்கிற நாம் முதலாவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இரண்டாவதற்கு என்னிடம் விடை இல்லை. கடன் கேட்டு வருபவர்களிடம் நாங்கள் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை என்று மட்டும் சொல்லலாம்.

உண்மையான கேள்வி வேறு. ஊருக்குப் போகும் பத்து நாட்களில் நீர் ஊற்றுவது யார்? ஒரு ஜப்பானியக் குடும்பம் 1625 முதல் பயிற்றுவிக்கப்பட்டுவந்த வெள்ளை பைன் ஒன்றை வளர்த்துவந்தது. 1945-இல் ஹிரோஷிமாவின் அணுகுண்டுக்கும் தப்பிய அந்த மரம் 1976-இல் அமெரிக்காவுக்குப் பரிசளிக்கப்பட்டு இன்று வாஷிங்டனில் நிற்கிறது. இத்தனை நூற்றாண்டுகளிலும் யாரோ ஒருவர் நாள்தோறும் நீர் ஊற்றியிருக்கிறார். இடமாற்ற ஆணையை எதிர்பார்த்தே வாழும் எங்களைப் போன்றவர்களுக்கு இது சிறிய கவலையன்று. எனவே தொடங்கும்போதே அண்டை வீட்டில் ஒருவருக்கு ஒரு கன்று கொடுத்துவிடுங்கள். தன் மரத்துக்கு நீர் ஊற்றுபவர் உங்களுடையதற்கும் ஊற்றுவார்.

பெயர்த்தெடுப்பதற்கு ஜூன் மாதமே உகந்தது. குடியிருப்புச் சங்கத்தின் மழைக்கால முன்னேற்பாட்டுக் கூட்டம் பெரும்பாலும் மே இறுதியில் நடைபெறும். பிளீச்சிங் பவுடருக்கு ஒப்புதல் கிடைப்பதற்கு முன், நடமாட்டமில்லாத பின்சுவரின் ஒரு பகுதியை மட்டும் விட்டுவைக்கும்படி செயலாளரிடம் கேட்டுப்பாருங்கள்.