வாரைப் பூட்டி ஆட்டிப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

நீர்ச்சறுக்குத் தாண்டுதல் பற்றிய உங்கள் கட்டுரையில் ஹெல்மெட்டுக்கு ஒரே வரிதான். முன்னணி ஆண் வீரர்களை இழுக்கும் படகு மணிக்கு 57 கி.மீ. வேகத்தில் போகிறது; சாய்தளத்திலிருந்து 70 மீட்டர் பறப்பவர்களும் உண்டு. அந்த வேகத்தில் தவறி விழுந்தால் தொளதொள ஹெல்மெட் வாளிபோல் நீரை மொண்டு கழுத்தை வெடுக்கென்று இழுத்துவிடும். பிள்ளை வளரும் என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கும் நம் வழக்கம் பள்ளிச் சட்டையோடு நிற்கட்டும். பைக் ஹெல்மெட்டும் வேண்டாம். தாடை வாரைப் பூட்டி ஹெல்மெட்டை ஆட்டினால் நெற்றித் தோலும் கூடவே நகர வேண்டும். காதருகே நீர் வடிய வழி இருக்கிறதா, உள் மெத்தை ஈரம் உறிஞ்சாததா என்றும் பார்க்க வேண்டும். அடுத்த இதழில் இதற்கொரு பெட்டிச் செய்தியாவது போடுங்கள்.

– வாசகர், ஆர்லாண்டோ