வெளியேறும் உரிமையும் விட்டுச்செல்லும் கடனும்

எம்மிடையே ஒரு விசித்திரமான நாகரிகம் நிலவுகின்றது. நிலவுடைமையாளனுக்கும் குடியானவனுக்கும் இடையிலான உறவு பற்றிப் பத்துப் பக்கம் எழுத வல்ல நாம், ஓர் அறையைச் சேர்ந்து வாடகைக்கு எடுக்கும்போது எமக்குள் ஒரு வரியேனும் எழுதிக்கொள்வதில்லை. எழுதச் சொல்பவர் சிறுமனம் படைத்தவர் எனப்படுகின்றார், "நமக்குள் என்ன கணக்கு?" என்பவரே உண்மைத் தோழராகப் போற்றப்படுகின்றார். இக்கருத்துத் தவறானது என்பதையும், தோழமையின் பெயரால் அது எம்மில் மிக வறியவரையே தண்டிக்கின்றது என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1952 இல் பேராதனைக்கு இடம்பெயர்ந்தபோது, மாணவர் வளாகத்தினுள்ளேயே தங்கிக் கற்கும் வதிவிடப் பல்கலைக்கழகமாகவே அது எண்ணப்பட்டது. அதன்பின் மாணவர் தொகை பன்மடங்கு பெருகிற்று. விடுதியில் இடம் கிடையாதோர் சுற்றுப்புறங்களில் அறைகளையும், 'அனெக்ஸ்' எனப்படும் பின்கட்டுகளையும் மூவராகவும் நால்வராகவும் கூடி எடுக்கின்றனர். அவர்களுள் ஒருவர் இடைநடுவே வெளியேற விரும்பும்போதே சிக்கல் தோன்றுகின்றது. அவ்வேளையில் இரு குரல்கள் எழுவதை நாம் அனைவரும் கேட்டிருக்கின்றோம்.

முதற் குரல், "ஓராண்டுக்கென ஒப்பமிட்டாய், போக முடியாது" என்பது. இது சட்டத்தை அறியாதார் கூற்று. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்கான குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். எமது ஒப்பங்களோ பெரும்பாலும் கொப்பித் தாளில் இடப்படுபவை. அத்தாள் ஓராண்டு எனக் கூறினும், மாதந்தோறும் வாடகை செலுத்தி வாழ்வோர் மாதவாடகைக் குடியிருப்பாளராகவே பொதுவாகக் கொள்ளப்படுவர். ஒரு மாத முன்னறிவித்தலுடன் அவ்வுறவு முடிவுறலாம். ஆகவே, வெளியேறுபவரைத் துரோகி என்று தூற்றுவதற்கு அத்தாள் துணைநில்லாது.

இரண்டாவது குரல் இதனினும் ஆபத்தானது. "என் பங்கை நான் கட்டினேன்; போவது என் சுதந்திரம்" என்பது அது. இதற்குச் சட்டத்தின் ஆதரவும் ஓரளவு உண்டு. எமது நாட்டின் பொதுச் சட்டமாகிய உரோமன்-டச்சுச் சட்டம், கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பேற்பதாக உடன்பட்டிராதவிடத்து, கடன்பட்ட பலருள் ஒவ்வொருவரையும் தத்தம் பங்குக்கே பொறுப்பாக்குகின்றது. ஆயின், வீட்டு உரிமையாளர் சட்டநூலைப் புரட்டிப் பார்த்து வாடகை கேட்பதில்லை. போனவரை அவர் தேடிச் செல்வதுமில்லை. இருப்பவரிடமே முழுத் தொகையையும் கேட்கின்றார். போக்கிடம் உள்ளவர் போய்விடுகின்றார். போக்கிடம் அற்றவர் கொடுத்துவிடுகின்றார். தனிமனித சுதந்திரம் என நாம் பெருமையுடன் கூறுவது இங்கே வசதியுள்ளவரின் சலுகையாகவே முடிகின்றது.

இதனை நான் ஏட்டில் கற்கவில்லை. 2023 இல் ஹிந்தகலைப் பக்கத்தில் நாம் மூவர் ஒரு பின்கட்டில் இருந்தோம். வாடகை 18,000 ரூபா. முற்பணம் மூன்று மாதத்துக்குரியது. எனக்கு விடுதியில் இடம் கிடைத்ததும் இரண்டே நாளில் வெளியேறினேன். முற்பணத்தில் என் பங்கான 18,000 ரூபாவையும் கேட்டேன். உரிமையாளர் தர மறுக்கவே, மற்றைய இருவரும் சேர்ந்து அதனைத் தந்தனர். அவர்கள் முகம் கோணவில்லை. நானும் கணக்குத் தீர்ந்தது என்றே எண்ணினேன். அவ்விருவருள் ஒருத்தி மலையகத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்தவள்; உதவிப்பணத்தில் படிப்பவள். இரு வாரங்களின் பின் விரிவுரை மண்டபத்தில் அவளருகே அமர்ந்தபோது அவள் காதுகளில் தோடு இருக்கவில்லை. எங்கே என்று கேட்டேன். "அடகுல இருக்கு அக்கா, அடுத்த மாசம் எடுத்துருவேன்" என்றாள். மூன்று மாதங்கள் அவள் காதுகள் வெறுமையாகவே இருந்தன. அக்காலத்தில் நான் சுரண்டல் பற்றிய ஒரு கட்டுரைக்கு மிக நல்ல புள்ளி பெற்றேன் என்பதையும் இங்கு ஒப்புக்கொள்ள வேண்டும்.

எழுத்து நட்பைக் கெடுக்கும் என்பார்க்கு ஒன்று கூறலாம். 1707 இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையில், காணியை விற்க விரும்புபவர் உரித்தாளருக்கும் பங்காளருக்கும் முன்னதாக அறிவிக்க வேண்டும் என்ற விதி காணப்படுகின்றது. அது காணிக்குரிய விதி, வாடகை அறைக்குரியதன்று. ஆயினும் அதன் உட்கருத்து எமக்கும் பொருந்துவதே. விலகுவதை எம்முன்னோர் தடுக்கவில்லை. உடனிருப்போர் அறியாமல் விலகுவதையே தடுத்தனர். உடன்பிறந்தார்க்கிடையே அறிவித்தல் அவமானமாகாதபோது, நண்பர்க்கிடையே அது எவ்வாறு அவமானமாகும்?

எனவே அறை எடுக்கும் நாளன்றே ஒரு தாளில் நான்கு விடயங்கள் எழுதப்பட வேண்டும். வெளியேறுபவர் ஒரு மாதம் முன்னரே அறிவித்தல். அந்த மாதத்துக்குரிய தம் பங்கை, இருந்தாலும் இல்லாவிட்டாலும், செலுத்துதல். இருப்போரின் சம்மதத்துடன் மாற்றாள் ஒருவரைத் தேடிக்கொடுத்தல். முற்பணத்தை அந்த மாற்றாளிடமிருந்தே பெறுதல், இருப்போரிடம் கேளாதிருத்தல். நோயினாலோ வீட்டுத் துயரினாலோ போகின்றவரின் பங்கை ஏனையோர் பகிர்ந்துகொள்வதே மனிதப் பண்பு. உடனிருப்போரின் தொல்லை தாங்காது போகின்றவரோ எவருக்கும் எதுவும் கடன்பட்டவரல்லர். பகிடிவதையையும் ஏனைய வன்முறைகளையும் தடைசெய்யும் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் அத்தகையோரை நினைந்தே இயற்றப்பட்டது.

இத்தாளுக்கு நீதிமன்றில் எத்துணை வலிமை உண்டு என்பது முக்கியமன்று. வாய் திறந்து கேட்கக் கூசுபவளுக்காக அது பேசும். அதுவே அதன் பயன். என் அறைத்தோழி என்னிடம் எதையும் கேட்கவில்லை. அவளுடைய அந்த மௌனத்தையே நான் இவ்வளவு காலமும் தோழமை என்று எண்ணியிருந்தேன். தோழமையை மதிப்போர் முதலில் கணக்கை எழுதுவார்களாக.