மாலையில் இறங்கும் முள் மழையைச் சொல்கிறதா?

கேள்வி: சென்னை மயிலாப்பூரில் உறவினர் வீட்டுச் சுவரில் இருந்த காற்றழுத்தமானி, இப்போது மதுராந்தகம் பக்கம் வயல் வீட்டில் இருக்கிறது. தினமும் மாலையில் முள் இறங்குகிறது, மழையோ வருவதில்லை. கருவி பழுதா? இதை நம்பி அறுவடை நாளைக் குறிக்கலாமா?

பதில்: மாலையில் முள் இறங்குவது பழுதல்ல. நம் தலைக்கு மேல் உள்ள காற்றின் எடைதான் காற்றழுத்தம். கடல் மட்டத்தில் அது சராசரியாக 1013 மில்லிபார். கண்ணாடிக் குழாயில் 760 மில்லிமீட்டர் உயரப் பாதரசத்தைத் தாங்கும் அளவு. சுவர்க் கருவிக்குள் காற்று நீக்கப்பட்ட மெல்லிய உலோகப் பெட்டி இருக்கும். அழுத்தம் கூடினால் அது அமுங்கும், குறைந்தால் உப்பும். அந்த அசைவே முள்ளை நகர்த்துகிறது.

நம் ஊர் போன்ற வெப்பப் பகுதிகளில் காற்றழுத்தம் தினமும் காலை 10, இரவு 10 மணி அளவில் ஏறியிருக்கும். அதிகாலை 4, மாலை 4 மணி அளவில் இறங்கியிருக்கும். காலைக்கும் மாலைக்கும் 3, 4 மில்லிபார் வித்தியாசம் இயல்பு. ஆகவே காலை அளவை மாலை அளவோடு ஒப்பிடக் கூடாது. நேற்றைய அளவை இன்று அதே நேரத்தில் ஒப்பிட வேண்டும். வானிலை நிலையங்கள் மழையளவைக் கணக்கிடும் காலை 8.30 மணியையே வைத்துக்கொண்டு, தினமும் நோட்டில் குறித்து வரலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் ஒரே நாளில் 3 மில்லிபாருக்கு மேல் குறைந்தால் வானிலை அறிக்கையை உடனே கவனிக்க வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று சென்னை அருகே கரை கடந்த வர்தா புயல் கடலில் உச்சத்தில் இருந்தபோது, அதன் மைய அழுத்தம் 975 மில்லிபார் என மதிப்பிடப்பட்டது. இயல்பைவிட 38 குறைவு! அத்தகைய மையம் நெருங்கும்போது முள் மணிக்கு மணி சரியும்.

ஆனால் ஒரு வீட்டுக் கருவிக்குப் புயல் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாது. சென்னை நுங்கம்பாக்கம் வானிலை மையத்தில் பல ஊர்களின் அழுத்தத்தை வரைபடத்தில் சேர்த்து, செயற்கைக்கோள், ராடார் படங்களோடு பார்த்துத்தான் சொல்கிறார்கள். கோடை இடிமழையோ முள் பெரிதாக அசையாமலே கொட்டிவிடும்.

எனவே முள்ளை மட்டும் நம்பி அறுவடையைத் தள்ளிப்போடவோ அவசரப்படவோ வேண்டாம். முள்ளும் அறிக்கையும் சேர்ந்து எச்சரித்தால், முற்றிய நெல்லை முன்கூட்டியே அறுத்து, களத்து நெல்லை மூடி, வடிகாலைத் திறந்துவிடுவது நல்லது.