மைதானத்தில் இறக்கிவிடுங்கள்

மாண்புமிகு கல்வி அமைச்சர் அவர்களுக்கு,

நான் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், வெள்ளவத்தைவாசி. உடற்கல்விப் பாடவேளைக்கு மணி அடித்ததும் கண் தெரியாத பிள்ளையை, "நீ இரு மகன், விழுந்திடுவாய்" என்று மரநிழலில் இருத்திவிடும் வழக்கத்தைப் பற்றி எழுதுகிறேன். பிள்ளைக்கு ஏதும் நடந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம்தான் காரணம்.

பிறவியிலேயே பார்வையில்லாத குழந்தை பிந்தி நடப்பதற்குக் காலில் குறை இருக்கவேண்டியதில்லை. மற்றக் குழந்தை பொம்மையைக் கண்டு தவழும். பார்வையில்லாத குழந்தையை இழுக்க எதிரே எதுவும் தெரியாது. சத்தம் வந்த பக்கம் கைநீட்டவே முதலாவது வயது முடியப்போகும் என்று குழந்தை உளப்பகுப்பாய்வாளர் செல்மா ஃபிரைபேர்க் 1977 இல் எழுதினார். இங்கேயோ தொடர்மாடி வீடு, காலி வீதி வாகனம், கையை விடாத அம்மம்மா. ஓடிப் பழக மிஞ்சியது பாடசாலை மைதானம்தான்.

காது கேளாத பிள்ளைக்கும் மைதானத்தில் சிக்கல் உண்டு, அது வெளியே தெரியாது. உட்செவியில் கேட்கும் உறுப்பை ஒட்டியே சமநிலை உறுப்பும் இருக்கிறது. ஒன்றைக் கெடுத்த நோய் மற்றதையும் பலவேளை விட்டுவைப்பதில்லை. அப்படியான பிள்ளை பகலில் கண்ணை நம்பிச் சமாளிக்கும். பொழுதுபட்ட பிறகு கடற்கரை மணலில் தள்ளாடும். கவனமில்லை என்று ஏச்சு வேறு. பயிற்சியால் தேறக்கூடிய விடயம் இது!

1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டப்படி, இயலாமையைக் காட்டிப் பாடசாலை அனுமதியில் பாகுபாடு காட்ட முடியாது. அனுமதித்தபின் மைதானத்தில் நடப்பதை யார் பார்க்கிறார்கள்? இப்படியான பிள்ளைகளுக்கென்று 1912 இல் மேரி சப்மன் அம்மையார் தொடங்கிய தனிப் பாடசாலை இரத்மலானையில் இருக்கிறது. நான் கேட்பது கொட்டாஞ்சேனையில் சாதாரண வகுப்பில் இருக்கும் பிள்ளைக்காக.

செலவு பெரிதில்லை. மணி வைத்த பந்து. காது கேளாத பிள்ளைக்கு விசிலோடு ஒரு கொடி. இழுத்துக் கட்டிய கயிற்றில் கோத்த குழாய்த்துண்டு, அதைப் பிடித்தபடி கண் தெரியாத பிள்ளை தனியே ஓடும். 2025 நவம்பரில் பொரளை சரவணமுத்து மைதானத்தில் பார்வையற்ற பெண்களுக்கான கிரிக்கெட் உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் இந்தியாவும் நேபாளமும் மோதின. பந்துக்குள் கிலுகிலுத்த குண்டுகளின் சத்தத்தைக் கேட்டுத்தான் அடித்தார்கள்.

அடுத்த இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன்னர் சுற்றறிக்கை ஒன்று அனுப்புங்கள், தமிழிலும். எந்தப் பிள்ளையையும் ஒதுக்கி இருத்தக்கூடாது என்றும், ஏற்ற பாதுகாப்போடு ஓடவிட்ட ஆசிரியர் ஒரு முழங்கால் சிராய்ப்புக்காக விசாரணைக்கு அழைக்கப்படமாட்டார் என்றும் அதில் எழுதுங்கள். இரண்டாவது வரி இல்லாமல் முதலாவது நடக்காது.

இப்படிக்கு,
ஓர் உடற்கல்வி ஆசிரியர்,
வெள்ளவத்தை