கறுப்புப் பட்டியலுக்கும் கட்டுப்பாடு வேண்டும்!

மேற்கு மாம்பலத்தில் ஒரு சமையல் காண்டிராக்டர் இருக்கிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். அமெரிக்காவில் உள்ள ஒரு குடும்பம், மகள் கல்யாணத்தை மாம்பலத்தில் நடத்த விரும்புகிறது. கல்யாணச் சாப்பாட்டுக்கு என்ன விலை என்று காண்டிராக்டர் ஈ-மெயில் அனுப்புகிறார்.

கடிதம் திரும்பி வந்து விடுகிறது!

"உங்கள் எண் கறுப்புப் பட்டியலில் இருக்கிறது" என்கிறது பதில்.

அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. பிறகு ஏன் இந்தத் தண்டனை?

ஸ்டோர் வீடு

பழைய மாம்பலத்து 'ஸ்டோர்' வீடுகளைப் பெரியவர்களுக்குத் தெரியும். வாசல் ஒன்று. கதவு எண் ஒன்று. உள்ளே பல குடித்தனங்கள்.

ஈ-மெயிலும் அப்படித்தான். கடிதம் அனுப்பும் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஓர் எண் உண்டு. சிறு வியாபாரிகள் பலர் ஒரே கம்ப்யூட்டரை வாடகைக்கு வைத்திருப்பார்கள். அவர்களில் ஒருவன் ஆயிரக்கணக்கில் குப்பைக் கடிதம் அனுப்பினால் போதும். அந்த எண் பட்டியலில் ஏறி விடும்.

ஒரு குடித்தனக்காரன் பால் பாக்கி வைத்தான். அதற்காக ஸ்டோர் முழுவதற்கும் பாலை நிறுத்தினால் எப்படி?

அதற்காகப் பட்டியலே வேண்டாம் என்று சொல்ல முடியாது. பாங்கியில் இருந்து வருவது போல் கடிதம் அனுப்பி, பென்ஷன் பணத்தைச் சுருட்டும் மோசக்காரர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் பால் விக்ஸி என்ற நிபுணரின் முயற்சியால், 1997-ல் இத்தகைய முதல் பட்டியல் வந்தது. இன்று பல பட்டியல்கள் உள்ளன. அவை தினமும் ஏராளமான குப்பையைத் தடுக்கின்றன.

எண்ணைத் திருப்பிப் போடு!

பட்டியலை எப்படிப் பார்க்கிறார்கள்?

கடித உறையில் முதலில் கதவு எண், பிறகு தெரு, பிறகு மேற்கு மாம்பலம், கடைசியில் சென்னை என்று எழுதுகிறோம். சிறியது முதலில், பெரியது பின்னால். இன்டர்நெட் பெயர்களும் இதே வரிசைதான். ஆனால், கம்ப்யூட்டர் எண்ணில் பெரியது முதலில் வரும்.

அதனால் எண்ணைத் திருப்பிப் போடுகிறார்கள். 192.0.2.45 என்ற எண் 45.2.0.192 ஆகிறது. அதன் பின்னால் பட்டியலின் பெயரைச் சேர்த்து, இன்டர்நெட்டின் பெயர்ப் புத்தகத்தில் கேட்கிறார்கள். 127.0.0.2 போன்ற பதில் வந்தால், எண் பட்டியலில் இருக்கிறது. "அப்படி ஒரு பெயரே இல்லை" என்று வந்தால், எண் பட்டியலில் இல்லை.

செத்த பட்டியல் பேசியது!

டென்மார்க்கில் ஓ.ஆர்.டி.பி. என்ற பட்டியல் இருந்தது. 2006 டிசம்பரில் அதை மூடி விட்டார்கள். ஆனால் பல இடங்களில் கம்ப்யூட்டர்கள் அதைக் கேட்டுக் கொண்டே இருந்தன. 2008 மார்ச்சில் திடீரென்று அது, எந்த எண்ணைக் கேட்டாலும் "இருக்கிறது" என்று பதில் சொல்லத் தொடங்கியது. நல்ல கடிதங்களும் விரட்டப்பட்டன!

இதைத் தடுக்கச் சுலபமான வழி உண்டு. 2010-ல் நிபுணர்கள் அதை எழுதி வைத்தார்கள். 127.0.0.2 என்ற எண் பட்டியலில் எப்போதும் இருக்க வேண்டும். 127.0.0.1 ஒரு போதும் இருக்கக் கூடாது. இரண்டையும் கேட்டுப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் "ஆம்" என்றால், பட்டியல் கெட்டு விட்டது. இரண்டுக்கும் "இல்லை" என்றால், செத்து விட்டது. உடனே அதைக் கைவிட வேண்டும்.

பணம் கேட்கலாமா?

2012-ல் வந்த இன்னொரு குறிப்பு, பட்டியல் நடத்துவோருக்குப் புத்தி சொல்கிறது. எதற்காக ஓர் எண்ணைச் சேர்க்கிறோம் என்பதை ஊரறியச் சொல்ல வேண்டும். பெயரை நீக்கும்படி கேட்க வழி இருக்க வேண்டும். நீக்குவதற்குப் பணம் வாங்கவே கூடாது.

நியாயமான பேச்சு! காரணம் சொல்லாமல் தண்டிப்பதும், காசு வாங்கிக் கொண்டு மன்னிப்பதும் காவல் அல்ல, அடாவடி.

கடிதத்தைத் தடுப்பவர்கள், அதைச் சத்தமில்லாமல் கிழித்துப் போடக் கூடாது. காரணத்தை எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். அப்போதுதான் காண்டிராக்டர் கம்ப்யூட்டரை வாடகைக்கு விட்டவரிடம் போய் நியாயம் கேட்க முடியும்.

திருடனுக்குக் கதவைச் சாத்தலாம். தெருவுக்கே சாத்தலாமா?